எருக்கு போட்ட ரெயின்கோட்

திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரிக்கு மத்தியானம் போனா, செம்மணல் செருப்பையும் தாண்டிச் சுடும். மழை பெஞ்சாலும் அந்த மணல்ல தண்ணி தங்காது. அங்கே எருக்கு எப்படி வாடாம நிக்குது?

இலையை விரலால தேய்ச்சுப் பாருங்க (கிள்ளிடாதீங்க, பால் கண்ணுல பட்டா வம்பு!). வெள்ளையா ஒட்டும். பவுடர் இல்ல பாஸ், மெழுகு! அதுக்கு அடியில க்யூட்டிகிள்னு ஒரு படலம். பெரும்பாலான செடிகள்ல அதோட தடிமன் மில்லிமீட்டர்ல 100-ல ஒரு பங்குகூடத் தேறாது. வெயில் ஏறி இலைத்துளைகள் மூடினப்புறம், மிச்சத் தண்ணி ஆவியாகாம காப்பாத்துறது இதுதான்.

சும்மா கிடைக்கலை இந்தக் காவல். மழைத்துளியும் மெழுகுல உருண்டு ஓடிடும், இலைக்குள்ள அவ்வளவா இறங்காது. விழுந்த தண்ணி மணல்ல நழுவுறதுக்குள்ள வேர்தான் பிடிச்சாகணும்.