திராட்சையை விடுங்க பாஸ், நெல்லைப் பாருங்க!

தேனியில கம்பம் பஸ் ஏறினா, அடிச்சுப் பிடிச்சாவது ஜன்னல் சீட் வாங்கிடுங்க. சின்னமனூர் தாண்டினா ரெண்டு பக்கமும் மலை, நடுவுல கண்ணு கூசுற பச்சை! எல்லாரும் திராட்சைத் தோட்டத்துல இறங்கி போட்டோ எடுப்பீங்க. நானும் எடுத்தேன். ஆனா, பார்க்கவேண்டியது வயல்.

லோயர்கேம்ப்பில் ஆரம்பிச்சு பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர். வருஷத்துக்கு ரெண்டு போகம் நெல். இதே சீமைதான் 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சோறில்லாமல் செத்தது. மேற்கே ஓடி கடலில் கலந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணியைக் கிழக்கே திருப்பினார் பென்னிகுக். 1895-ல் அணை திறந்தாச்சு. சிவில் பசங்க கவனிங்க... உள்ளே இருப்பது சிமென்ட் இல்லை, சுண்ணாம்பும் செங்கல்பொடியும்!

திரும்பும்போது வீரபாண்டியில் இறங்கினேன். டீக்கடையில் ஒரு பெரியவர். ஒன்றரை ஏக்கர் வெச்சிருக்கார். "லாபம் எவ்வளவுங்கய்யா?"ன்னு எம்.பி.ஏ. கணக்கா கேட்டேன். சிரிச்சுட்டார்.

"லாபமா? மொத போகத்தை வித்துக் கடனை அடைப்பேன். ரெண்டாம் போகத்துல எட்டு மூட்டை வீட்டுக்கு. அதை யாரு கேட்டாலும் குடுக்க மாட்டேன் தம்பி. குலுக்கையில நெல்லு கெடந்தா வீட்டுல சண்டைகூட வராது."

போன செமஸ்டர்ல 'உணவுப் பாதுகாப்பு'ன்னு ஆப்பிரிக்க சிறு விவசாயிகளைப் பத்தி 30 ஸ்லைடு ஓட்டினவன் நான். சஹாராவுக்குத் தெற்கே சாகுபடி நிலத்துல நூத்துக்குப் பத்துப் பங்குகூடப் பாசனம் கிடையாது, மழை பொய்ச்சா தட்டு காலின்னு கைதட்டல் வாங்கினேன். அந்த எட்டு மூட்டை ஒரு ஸ்லைடுலயும் இல்லை.

வழக்கமா ஜூன் 1-ல் தண்ணி திறப்பாங்க. மழை ஏமாத்தி அணை இறங்கிட்டா தேதி தள்ளிப்போகும். அடிவாங்குறது ரெண்டாம் போகம். அதாவது, அவர் வீட்டுச் சோறு. போதாக்குறைக்கு இது கடைமடை. மேல எல்லாரும் பாய்ச்சின பிறகுதான் இங்கே தண்ணி. பக்கத்து வயலில் ஏற்கெனவே பிளாட் கல் நட்டாச்சு.

"இன்ஜினியருக்குத்தான படிக்கிற? எங்க வாய்க்காலை வந்து பாரு. தண்ணி ஏன் ஏற மாட்டேங்குதுன்னு சொல்லு"ன்னு கூட்டிட்டுப் போனார்.

அரை மணி நேரம் வரப்பில் நின்னு பார்த்தேன். மூணு வருஷம் படிச்ச எதுவும் ஞாபகத்துக்கு வரலை. "லெவல் எடுத்துப் பார்க்கணுங்கய்யா"ன்னு சமாளிச்சேன்.

"எப்ப வர்ற?"ன்னார்.

சிவில் படிக்கிற ரூம்மேட்டைக் கேட்டிருக்கேன். அடுத்த சனிக்கிழமை, லெவல் கருவியோட போறோம்.