கசின்

ஆங்கிலத்தில் ‘கசின்’ மிகச் சாதாரணமான சொல். பள்ளிக்கூடத்தில் படித்தோம், பல்கலைக்கழகத்தில் ஆங்கில நாவல்களில் பக்கத்துக்குப் பக்கம் கண்டோம். ஆனால் அச்சொல்லை எங்கே எழுதவேண்டும் என்பதை நான் சரியாக அறிந்துகொண்டது ஒரு பொலிஸ் நிலையத்து வாங்கில் இருந்தபோதுதான்.

1997ஆம் ஆண்டு. வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸில் வாடகைக்கு இருந்தேன். பெரியப்பாவின் மூத்த மகன் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தார். வடக்கிலிருந்து வருபவர்களைப் பொலிஸில் பதிவதற்கு ஒரு படிவம் இருந்தது. என் சிங்கள எழுத்து மோசம். ஆகவே ஆங்கிலத்தில் நிரப்பினேன். ‘உறவு முறை’ என்ற இடத்தில் ஒரு கணமும் யோசிக்காமல் ‘பிரதர்’ என்று எழுதினேன். பிறந்த நாள் முதல் அண்ணன் என்று அழைத்தவரை வேறு எப்படி எழுதுவது?

இரண்டு வாரங்களின் பின் நள்ளிரவில் சோதனைக்கு வந்தார்கள். படிவத்தையும் இரண்டு அடையாள அட்டைகளையும் ஒப்பிட்டார்கள். எங்கள் பெயர்களுக்கு முன்னால் வருவது தகப்பன் பெயர். அவருடைய அட்டையில் ஒரு பெயர், என்னுடையதில் வேறொன்று. சகோதரர்கள் என்றால் தகப்பன்மார் எப்படி இருவர் ஆனார்கள்? இருவரையும் வாகனத்தில் ஏற்றினார்கள்.

நிலையத்தில் இருந்த அதிகாரியிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், இவர் என் ‘லொக்கு தாத்தா’வின் மகன் என்றேன். ‘அப்படியென்றால் அய்யாதானே’ என்றார் அவர் உடனேயே. சிங்களத்திலும் தகப்பனின் அண்ணன் மகன் அய்யா அல்லது மல்லிதான். மாமன் மகன் மஸ்ஸினா. உறவுக் கணக்கில் அவருக்கும் எனக்கும் எந்தப் பிணக்கும் இல்லை. பிறகு படிவத்தைத் தட்டிக் காட்டினார்: ‘ஆனால் இங்கிலீஷில் இது பிரதர் இல்லை, கசின்.’ ஆங்கிலத்தை ஒரு பாடமாக எடுத்துக் கலைப்பட்டம் பெற்றவனுக்கு அவர் கற்பித்த பாடம் அது. என்னை விடியற்காலையில் விட்டார்கள். அண்ணனை ஊரிலிருந்து உறுதிப்படுத்தல் வரும்வரை இரண்டு நாட்கள் வைத்திருந்தார்கள்.

அவர் வெளியே வந்ததும் புதிய படிவம் நிரப்பினேன். இம்முறை ‘கசின்’. தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தவர் சொன்னார்: ‘நான் உனக்குக் கசினோ?’

இரண்டு நாள் சிறையிருப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தக் கேள்வியை மட்டும் பல வருடங்கள் கேட்டார்.

ஆங்கிலேயருக்கு அது பாரபட்சமற்ற சொல். பெரியப்பா, சித்தப்பா, மாமா, மாமி, பெரியம்மா, சின்னம்மா ஆகியோரின் பிள்ளைகள் எல்லோருமே அதற்குள் அடங்குவர். ஆணும் பெண்ணும் அடங்குவர். ‘மை கசின் இஸ் எ டொக்டர்’ என்றால் டொக்டர் ஆணா பெண்ணா என்பது அடுத்த வாக்கியத்தில் ‘ஹீ’ அல்லது ‘ஷீ’ வந்தால்தான் தெரியும். எங்களுக்கு இது பொறுக்காமற்போய் ‘கசின் பிரதர்’, ‘கசின் சிஸ்டர்’ என்று ஒட்டுப்போட்டுக்கொண்டோம். இங்கிலாந்தில் அப்படிச் சொல்வதில்லை. தெற்காசியாவெங்கும் சொல்கிறார்கள். நான் அதைப் பிழையென்று திருத்துவதை விட்டுப் பல காலமாகிறது. ஆனால் படிவங்களில் எழுதவேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்வேன். இத்தனைக்கும் அச்சொல்லின் மூலமான இலத்தீன் ‘கொன்சொப்ரீனுஸ்’ தாயின் சகோதரியின் பிள்ளையை மட்டுமே குறித்தது. எங்கள் சின்னம்மா மகனைப் போன்ற திட்டவட்டமான சொல்தான், பின்னர் பரந்து கரைந்துவிட்டது.

இன்னொரு பொறி ‘ஒன்றுவிட்ட’. ஒன்றுவிட்ட அண்ணன் என்பதை ‘வன்ஸ் ரிமூவ்ட்’ என்று மொழிபெயர்த்த சத்தியக்கடதாசிகளை நான் கண்டிருக்கிறேன். கேட்பதற்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. பொருளோ வேறு. ஒன்றுவிட்ட அண்ணன் வெறும் ‘ஃபர்ஸ்ட் கசின்’. ‘வன்ஸ் ரிமூவ்ட்’ என்றால் ஒரு தலைமுறை மேலே அல்லது கீழே: என் தகப்பனின் கசின், அல்லது என் கசினின் பிள்ளை. அகதி விண்ணப்பத்தில் அண்ணனை ஒரு தலைமுறை நகர்த்திவிட்டுப் பின்னர் நேர்முகத்தில் அவர் சமவயதினர் என்று சொன்னால் விண்ணப்பக்காரன் பொய்யனாகிறான்.

பத்திரிகை மேசையில் இதே தொல்லை எதிர்த்திசையில் வரும. ‘அமைச்சரின் கசின் கைது’ என்று ஆங்கிலச் செய்தி வந்தால் தமிழில் என்ன எழுதுவது? மைத்துனரா, சகோதரரா? தொலைபேசியில் யாரையாவது பிடித்துக் கேட்கவேண்டும், பிடிபடாவிட்டால் ‘உறவினர்’. எத்தனை இரவு அந்தச் சொல்லில் ஒளித்திருப்போம்! ரணில் விக்கிரமசிங்கவை ஜே.ஆர். ஜயவர்த்தனவின் மருமகன் என்று நாங்கள் எழுதிவந்ததும் ஆங்கிலத்தின் ‘நெஃபியூ’வைப் பார்த்துத்தான். ஜே.ஆரின் தாய், லேக் ஹவுஸ் நிறுவனர் டி.ஆர். விஜேவர்தனவின் சகோதரி. விஜேவர்தனவின் மகள் ரணிலின் தாய். ஆகவே ஜே.ஆருக்கு அவர் மச்சாள். ஆங்கிலத்தில் ரணில் ‘ஃபர்ஸ்ட் கசின் வன்ஸ் ரிமூவ்ட்’. நம்முடைய முறைக்கணக்கிலோ மச்சாளின் மகன் மருமகன் அல்ல, மகன் முறை. இந்த நுட்பத்தை 1871இல் வெளிவந்த நூலில் அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மோர்கன் குறித்துவைத்திருக்கிறார். உப ஆசிரியர்களான எங்களுக்குத்தான் தெரியாமற்போயிற்று.

அண்ணன் பிற்பாடு கனடா சென்றார். சில வருடங்களுக்கு முன் ரொறன்ரோவில் காலமானார். அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்து, ஆங்கிலத்தில் தான் எழுதிய மரண அறிவித்தலை வாசித்துக் காட்டினாள். என் பெயர் ‘கசின்’ என்பதன் கீழ் இருந்தது. ‘இது சரிதானே, சித்தப்பா?’ என்று கேட்டாள். சரி என்றேன். தமிழ் அறிவித்தலை என்னிடம் விட்டுவிட்டாள்.

அண்ணனுக்கு உடன்பிறந்தவர்கள் இருவர். ‘அன்புச் சகோதரரும்’ என்ற இடத்தில் அவர்களுடைய பெயர்களை எழுதி, மூன்றாவதாக என் பெயரை எழுதினேன்.