யாகிமோவ் பச்சை

ஐரோப்பாவின் பழம்பொருள் சந்தைகளில் புறஊதா டார்ச்சும் கையுமாக அலைகிறவர்களை இப்போது நிறையப் பார்க்கலாம். மேசைக்கு அடியில் குனிந்து, மேலங்கியை விரித்து நிழல் உண்டாக்கி, கண்ணாடிக் கிண்ணங்கள்மீது ஒளியை அடித்துப் பார்ப்பார்கள். பெரும்பாலானவை மங்கலாய் அப்படியே கிடக்கும். யுரேனியம் கலந்த ஏதோ ஒன்று மட்டும் குபீரென்று பச்சையாய் எரியும். எனக்கும் அந்தப் பித்து உண்டு. எத்தனை முறை பார்த்தாலும் அந்தப் பச்சை அலுக்கவில்லை.

பக்கத்தில் நிற்பவர் உடனே கேட்பது, "இதுதான் கதிர்வீச்சா?" என்று. இல்லை. கண்ணாடிக்குள் யுரேனியம் ஆக்சிஜனோடு சேர்ந்து யுரேனைல் அயனியாக இருக்கிறது. அது புறஊதா ஒளியை வாங்கி, 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சையாகத் திருப்பித் தருகிறது. விளக்கை அணைத்தால் அந்தக் கணமே பச்சையும் போய்விடும். கதிரியக்கம் வேறு கதை. அதற்கு விளக்கு வேண்டாம். அலமாரிக்குள் பூட்டி வைத்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துகொண்டே இருக்கும். யுரேனியம் 238 பாதியாகக் குறைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும். இரண்டும் வேறு என்பதற்கு அமெரிக்காவின் ஃபியஸ்டா தட்டுகளே சாட்சி. 1936இல் விற்பனைக்கு வந்த அந்தச் செம்மஞ்சள் தட்டுகளின் மேற்பூச்சில் யுரேனியம் உண்டு. கதிர்வீச்சை அளக்கும் கெய்கர் கருவியை அருகில் கொண்டுபோனால் படபடவென்று அடித்துக்கொள்ளும். புறஊதா விளக்கிலோ இந்தப் பச்சையைக் காட்டாது.

விளக்கில் இரண்டு வகை புழங்குகின்றன. மலிவாகக் கிடைப்பது 395 நானோமீட்டர். அது கண்ணுக்குத் தெரியும் ஊதாவையும் கூடவே கொட்டும். 365 நானோமீட்டர் விளக்கு விலை கூடியது, ஒளிர்வைத் துல்லியமாகக் காட்டும். விலை கூடியதே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் இரண்டையும் வைத்திருக்கச் சொல்வேன். கண்ணாடியில் இரும்பால் வரும் பச்சைச் சாயலைப் போக்க அந்தக் காலத்தில் மாங்கனீசு சேர்ப்பார்கள். அந்தக் கண்ணாடியும் 365இல் வெளிறிய பச்சையாக மினுங்கி யுரேனியம்போல் ஏய்க்கும். 395க்கு மாற்றினால் மாங்கனீசு ஏறக்குறைய அடங்கிவிடும். யுரேனியம் அப்போதும் எரிந்துகொண்டிருக்கும். மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ ஒளிர்ந்தால் காட்மியமாக இருக்கலாம். நீலச் சாயல் தெரிந்தால் ஈயக் கண்ணாடியை நினைக்க வேண்டும். ஐயம் தீரவில்லையென்றால் கெய்கர் கருவிதான் தீர்ப்பு சொல்லும். ஒன்று மறக்கக் கூடாது: இந்த விளக்குகளை யார் கண்ணிலும் அடிக்கக் கூடாது, குறிப்பாகக் குழந்தைகள் கண்ணில்.

பகல் வெளிச்சத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் யுரேனியம் அல்ல. இரும்பும் பச்சை தரும். விளக்கு சொல்வதும் ஒரே ஒரு செய்திதான், உள்ளே யுரேனியம் இருக்கிறது என்பது. வயதை அது சொல்லாது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் கண்ணாடிக்காரர்களுக்கு யுரேனியம் கிடைக்காமல் போயிற்று. 1958இல் மறுபடி கிடைத்தபின் இன்றுவரை புதிதாகச் செய்கிறார்கள். அதுவும் அதே பச்சையாகத்தான் எரிகிறது. ஆகவே விளக்கை அணைத்துவிட்டுக் கையால் பார்க்க வேண்டும். அடிப்பாகத்தில் ஆண்டாண்டாய் மேசையில் உரசிய தேய்மானம் இருக்கிறதா, செய்யும்போது பிடித்திருந்த இரும்புக் கம்பியிலிருந்து முறித்தெடுத்த வடு இருக்கிறதா, அச்சின் இணைப்புக் கோடு எங்கே ஓடுகிறது என்று தடவித் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டிஷ் கண்ணாடிகளில் 1884 முதல் வடிவப் பதிவு எண் இட்டார்கள். அது இருந்தால் அந்த வடிவம் பதிவான ஆண்டையே பிடித்துவிடலாம்.

இந்தப் பச்சையின் ஊர் போஹிமியா. ஜெர்மன் வேதியியலாளர் கிளாப்ரோத் 1789இல் யுரேனியத்தை அடையாளம் கண்டார். 1830களில் போஹிமியாவின் ரீடல் குடும்பத்தார் அதைக் கண்ணாடியில் கலந்து, அந்த வீட்டுப் பெண் அன்னாவின் பெயரால் அன்னா மஞ்சள், அன்னா பச்சை என்று விற்றார்கள். விரைவில் இங்கிலாந்திலும் அது பரவியது. புறஊதா ஒளி எப்படிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாறுகிறது என்று இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1852இல் விளக்கியபோது அவர் சோதித்த பொருள்களில் யுரேனியம் கண்ணாடியும் ஒன்று. கதிரியக்கம் என்ற ஒன்று இருப்பது அன்று யாருக்கும் தெரியாது. அதை இயற்பியலாளர் பெக்கரல் கண்டறிய 1896 வர வேண்டியிருந்தது.

யுரேனியத் தாதுவுக்குப் பேர்போன ஊர், அதே போஹிமியாவின் யோவாகிம்ஸ்தால், இன்றைய செக் நாட்டின் யாகிமோவ். 16ஆம் நூற்றாண்டில் வெள்ளிக்காகத் தோண்டிய ஊர். வெள்ளியோடு வந்த கருந்தாதுவை வேண்டாமென்று ஒதுக்கினார்கள். பின்னாளில் அந்தக் கருந்தாதுவிலிருந்து கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் சாயம் எடுக்கும் ஆலை அங்கே எழுந்தது. சாயம் எடுத்தபின் மிஞ்சிய சக்கையைப் பைன் காட்டில் கொட்டினார்கள். அந்தச் சக்கையைத்தான் கதிரியக்கத்தை ஆராய்ந்த மேரி கியூரி மூட்டை மூட்டையாக வரவழைத்தார். பைன் ஊசிகள் கலந்த பழுப்புத் தூளாகப் பாரிசுக்கு வந்து சேர்ந்தது. டன் கணக்கில் காய்ச்சி, 1902இல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடை அவர் பிரித்தெடுத்தார். கண்ணாடிச் சாயம் எடுத்தவர்கள் கழித்துப் போட்டதில் இருந்தது ரேடியம். விஞ்ஞான வரலாற்றில் என்னை இந்த அளவுக்கு உலுக்கிய சம்பவம் வேறில்லை.

"வீட்டில் வைத்தால் ஆபத்தா?" என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2001இல் இதை மதிப்பிட்டபோது, இத்தகைய கண்ணாடியால் வீட்டுக்காரர்களுக்கு வரும் கதிர்வீச்சு மிகச் சொற்பம் என்றே கண்டது. வழக்கமான பாத்திரங்களில் யுரேனியம் எடையில் 2 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். ஆபத்து வேறு ஆட்களுக்கு வந்தது. யோவாகிம்ஸ்தாலில் 1527இல் மருத்துவராகச் சேர்ந்த அக்ரிகோலா, சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் அரித்துப்போவதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதே சுரங்கங்களில் அரசியல் கைதிகளை அடைத்து, சோவியத் யூனியனுக்காக யுரேனியம் வெட்ட வைத்தார்கள். கிண்ணத்தை வாங்குகிறவர் தன் உடம்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், வெட்டியவர்களைப் பற்றியும் ஒன்று கேட்கலாம். அந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

உங்கள் கைக்கு இப்படியொரு கிண்ணம் வந்தால் பார்வைக்கு வையுங்கள். அதில் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம், புளிப்பானவற்றை ஊற்றிவைக்கவே வேண்டாம். துளையிடாதீர்கள், அரம் போடாதீர்கள், தூள் மூச்சில் போகக் கூடாது. உடைந்தால் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். விற்கிறவராக இருந்தால், வாங்குகிறவரிடம் இது யுரேனியம் கண்ணாடி என்று சொல்லியே கொடுங்கள்.