கிரீஸில் சிக்கிய நாக்கு

சனி

தெருக்கோடி வீட்டை விற்றுவிட்டார்கள். கொட்டகையைக் காலிசெய்தபோது வெளியே வந்த பழைய புல்வெட்டியைக் கேட்டு வாங்கி வந்தேன். இங்கிலாந்தின் டெர்பி நகரத்துக் குவால்காஸ்ட் தயாரிப்பு. எஞ்சின் கிடையாது, கையால் தள்ள வேண்டும். உருளையில் ஐந்து கத்திகள். "கத்தி மழுங்கிவிட்டது" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தள்ளிப் பார்த்தேன். சக்கரம் உருள்கிறது, உருளை அசையவே இல்லை. இது மழுங்கல் இல்லை, கிளட்ச்.

"தள்ளுவண்டிக்குப் போய் கிளட்சா?" என்கிறாள் மனைவி.

ஞாயிறு

நடுமூடியைத் திறந்து கிளிப்பை எடுத்ததும் சக்கரம் கையோடு வந்துவிட்டது. அதன் உள்விளிம்பில் வார்த்த பற்கள். அவற்றோடு கோத்து ஓடுவது உருளைத் தண்டின் முனையில் இருக்கும் பினியன் என்ற சிறு பற்சக்கரம். இந்தப் பினியன் தண்டோடு இறுகியிருக்காது, அதன்மேல் தன்பாட்டுக்குச் சுற்றும். தண்டின் குறுக்கே ஒரு துளை, அதில் வழுக்கி ஓடும் ஓர் எஃகு நாக்கு. பினியனின் உட்புறத்தில் சாய்வாக வெட்டிய படிகள். முன்னால் தள்ளினால் படியின் செங்குத்தான முகம் நாக்கைப் பிடித்துத் தண்டைச் சுழற்றும். பின்னால் இழுத்தால் சாய்வு முகம் நாக்கை ஒதுக்கிவிட்டுத் தாண்டிப்போகும். இதுதான் கிளட்ச், சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரிதான். ஆனால் ஃப்ரீவீலில் நாக்கை எழுப்ப வில் உண்டு, இதில் இல்லை. நாக்கு தன் எடையாலேயே நழுவி விழ வேண்டும்.

விழவில்லை. யாரோ நல்ல மனதோடு கிரீஸை அள்ளி அப்பியிருக்கிறார்கள். வருஷக்கணக்கில் புல்தூசியும் சேர்ந்து அது பிசினாக இறுகி, நாக்கைத் துளைக்குள்ளேயே ஒட்டிவைத்துவிட்டது. கவனிப்பாரில்லாமல் கெட்ட எந்திரங்களுக்குக் குறையாமல், இப்படி ஊட்டிக் கெடுத்தவையும் இருக்கும் என்று தோன்றுகிறது.

மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன். இடது, வலது பாகங்களைத் தனித்தனி டப்பாக்களில் வைத்திருக்கிறேன். பினியன் படிகளின் சாய்வும் நாக்கின் முனைச் சாய்வும் ஒரு பக்கத்துக்கு ஒரு திசை, மாற்றிப் போட்டால் தள்ளும்போது உருளை நிற்கும்.

செவ்வாய், மழை

மழை பெய்து வேலை நின்றால், புல்வெட்டியைக் கண்டுபிடித்த எட்வின் பட்டிங்கைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். கிளாஸ்டர்ஷயரில் ஸ்ட்ரவுட் பக்கம், கம்பளி ஆலைகள் நிறைந்த பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர். நெய்த துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரை உருளைக் கத்தியால் சீவும் எந்திரத்தைப் பார்த்து, அதே வேலையைப் புல்லிலும் செய்யலாம் என்று கண்டு 1830இல் காப்புரிமை வாங்கினார். 1832இல் இப்ஸ்விச் நகரத்து ரான்சம்ஸ் நிறுவனம் அதைத் தயாரிக்க உரிமம் பெற்றது. திருகி அளவு மாற்றும் ஸ்பானரையும் அவர் கணக்கில்தான் எழுதுகிறார்கள். அப்படியானால் ஞாயிறன்று என் கையில் இருந்த ஸ்பானரும் அவர் சரக்குதான்.

சனி

பிசின் கரைந்தது. இடது நாக்கு சுத்தம். வலது நாக்கின் விளிம்பு உருண்டு தேய்ந்திருந்தது, இப்படியே விட்டால் பாரம் ஏறும்போது படியிலிருந்து நழுவும். நுண்பல் அரத்தால், கோணம் மாறாமல், சிறிதளவே ராவினேன். இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்கள் பழுதுபார்க்க வரக்கூடாது. துளைக்கு மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு. கிரீஸ் வெளிப்பற்களுக்கு மட்டும், அதுவும் தடவினாற்போல.

இரு பக்கத்துப் பினியன்களையும் நாக்குகளையும் முதலில் வேண்டுமென்றே பக்கம் மாற்றிப் போட்டேன். இப்போது சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றினால் உருளையும் பின்னோக்கிச் சுழலும். கத்திகளில் கிரைண்டிங் பேஸ்ட் தடவி அப்படிச் சுற்ற, கீழ்க்கத்தியோடு உரசி விளிம்பு ஏறியது. பேஸ்டை முழுக்கக் கழுவி, அவற்றைச் சரியான பக்கத்துக்கு மாற்றினேன்.

ஞாயிறு

தள்ளினால் சுழல்கிறது. வளைவில் திருப்பினால் வேகமாக ஓடும் வெளிச்சக்கரம் உருளையை ஓட்ட, உள்பக்க நாக்கு டிக்டிக்கென்று விட்டுக்கொடுக்கிறது. மனைவி கூப்பிட்டுக் கேட்டாள், "உடைந்துவிட்டதா?" இல்லை, இதுதான் நல்ல சத்தம் என்றேன்.

செய்தித்தாள் கீற்றை வைத்துச் சோதித்ததில் வலது ஓரத்தில் மட்டும் காகிதம் வெட்டுப்படாமல் மடங்குகிறது. கத்திகளை நெருக்கும் அந்தப் பக்கத்துத் திருகை இன்னும் கால் சுற்று இறுக்க வேண்டும்.