மடக்குக் கத்தியின் பூட்டை நம்பலாமா?

கல்வராயன் மலையில் விறகு வெட்டக் கொடுவாள்தான் போகும், மடக்குக் கத்தி போகாது. ஏன்? மடங்காத கத்திக்குப் பூட்டே வேண்டாம்!

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் மடக்குக் கத்தி வாங்குபவர் அலகின் தடிமனோடு பூட்டையும் பார்க்க வேண்டும். பிரான்சின் ஓபினெல் கத்தியில் 1955 முதல் ஒரு வளையம் உண்டு. அதைத் திருப்பினால் அலகு மடங்காது. அமெரிக்காவின் பக் 110 கத்தியில் பிடியின் முதுகிலுள்ள எஃகுத் துண்டு அலகின் பள்ளத்தில் விழுந்து பிடிக்கும். பள்ளத்தில் அழுக்கு சேர்ந்தால் சரியாக விழாது.

நறுக்கும்போது அழுத்தம் அலகைத் திறக்கும் பக்கமே தள்ளும். அப்போது பூட்டுக்கு அதிக வேலை இல்லை. முனையால் குத்தினாலோ, அலகின் முதுகில் அடி விழுந்தாலோதான் சோதனை. பூட்டு தோற்றால் விரல் போகும்.

ஆகவே நண்பர்களே, சீவவும் நறுக்கவும் மடக்குக் கத்தி. வெட்டவும் பிளக்கவும் கொடுவாள்.