பழைய யந்திரம் கற்பித்த பாடம்

கல்வியென்பது புத்தகத்தினின்றே வருவதென்று எண்ணியிருந்த எமக்கு, கரிபடிந்த கைகளின் வழியாகவும் அது வருமென்று உணர்த்தியது, மரமறுக்கும் பழைய யந்திரம் ஒன்று. சகோதர மாணவர்கட்குப் பிரயோஜனப்படுமென்று கருதி அவ்வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

2018-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி, கஜா என்னும் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை அழித்ததை நேயர்கள் மறந்திரார். வீழ்ந்த மரங்களை அறுத்து அகற்றும்பொருட்டு எமது சிற்றப்பா கடன்பட்டுச் சங்கிலி யந்திரமொன்று வாங்கினார். சொந்தத் தோப்பை இழந்த அவருக்கு, பிறர் தோப்பில் மரமறுத்துப் பெற்ற கூலியே அடுப்பெரியச் செய்தது. ஒரு நாள் அவர் உணவருந்தச் சென்ற சமயம், பள்ளிச் சிறுவராயிருந்த யாம், உதவி செய்வதாக எண்ணி, எண்ணெய் கலவாத வெறும் பெட்ரோலை அதில் ஊற்றி ஓட்டினோம். சில நிமிஷங்களில் யந்திரம் இறுகி நின்றுவிட்டது. சிற்றப்பா எம்மைக் கடிந்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "போகட்டுமப்பா" என்றார். மாலையில் அவர் பழைய கோடரியைத் தீட்டிக்கொண்டிருந்த காட்சி எம் நெஞ்சை விட்டு நீங்கவேயில்லை.

இவ்வகை என்ஜினுக்கு மோட்டார் வண்டியிற்போலத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து செல்லும் எண்ணெயே பிஸ்டனையும் பேரிங்குகளையும் காக்கும். அது இல்லையேல் இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று உராய்ந்து கெடும். இதனை யாம் பிற்காலத்திலே அறிந்தோம்.

நிற்க. சென்ற கோடை விடுமுறையில், பழுதுற்ற யந்திரமொன்றை வாங்கி, அதைச் செப்பனிட்டே தொழிலைக் கற்பதென்று தீர்மானித்தோம். எமதூர் மெக்கானிக் ஒருவர் துணைவந்தார். பழைய சாமான் கடையில் இரண்டு யந்திரங்கள் இருந்தன. ஒன்று புதுவர்ணம் பூசப்பட்டு, முதல் இழுப்பிலேயே ஓடிற்று. மற்றொன்று மரத்தூளும் எண்ணெயும் அப்பி, எத்தனை முறை இழுத்தும் ஓடவில்லை. விலையோ முன்னதிற் பாதி. எமது கண் முன்னதிலேயே சென்றது.

"தம்பி, உள்ளே பார்த்துவிட்டு ஆசைப்படு" என்றார் மெக்கானிக். இரண்டின் சைலன்சரையும் கழற்றி, புகைத் துவாரத்தின் வழியே விளக்கொளி காட்டினார். வர்ணம் பூசியதன் பிஸ்டனில் மேலுங்கீழுமாக ஆழ்ந்த கீறல்கள் தெரிந்தன. முன்னொருநாள் யாம் செய்த தவறே அங்கும் எழுதியிருந்தது! அழுக்கடைந்ததன் பிஸ்டனோ வழவழப்பாயிருந்தது. பின்பு சுவிட்சை அணைத்து, கயிற்றின் பிடியைப் பற்றி யந்திரத்தைத் தொங்கவிட்டார். கீறலுற்றது சரேலென்று இறங்கிற்று. மற்றது தயங்கித் தயங்கி இறங்கிற்று. உள்ளே அழுத்தம் குன்றவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். சங்கிலியை நிறுத்தும் பிரேக்கும் செவ்வையாக இருந்தது. உதிரி பாகங்களும் கடைத்தெருவில் அகப்படுபவை. ஆகவே ஓடாததையே வாங்கினோம்.

வீட்டில் பிரித்துப் பார்க்கையில், பெட்ரோல் குழாய் வெடித்திருந்தது. கார்புரேட்டரிலுள்ள மெல்லிய சவ்வு காய்ந்த சருகென விறைத்திருந்தது. இரண்டையும் மாற்றி, வடிகட்டியையும் பிளக்கையும் புதுப்பித்தோம். மழுங்கிய பற்களை அரத்தால் ஒவ்வொன்றாகத் தீட்டினோம். அமெரிக்க தேசத்து மரவெட்டியாகிய ஜோசப் காக்ஸ் என்பார், 1946-ஆம் வருஷம், மரத்தைக் குடையும் புழுவின் தாடைகளைக் கண்டே இத்தகைய பல்லமைப்பைக் கற்பித்தனரென்ப. சிறு புழுவும் ஓர் உபாத்தியாயரே!

மூன்றாம் நாள் மாலை யந்திரத்தைச் சிற்றப்பாவிடம் கொண்டு சென்று வைத்தோம். அவர் ஒன்றும் பேசாமல் தொட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்தார். "எண்ணெய் கலந்திருக்கிறாயா?" என்றார். "கலந்திருக்கிறேன், சிற்றப்பா" என்றோம். கயிற்றை இழுத்தார், மூன்றாம் இழுப்பில் யந்திரம் முழங்கிற்று. அவர் முகத்தில் எழுந்த புன்னகைக்கு ஈடாக எந்தப் பரீட்சைச் சான்றையும் யாம் கருதோம்.

நண்பர்களே, புறத்துப் பளபளப்பு அகத்துப் பழுதை மறைக்கும். புறத்து அழுக்கும் அகத்து நலத்தை மறைக்கும். பொறுமையோடு திறந்து பார்ப்பவரே இரண்டையும் பிரித்தறிவர். தம் கையாற் செய்த பிழையைத் தம் கையாலேயே திருத்தும் பாக்கியமும் அத்தகையோர்க்கே வாய்க்கும்.