நாற்காலிக்கு உரிய நியாயம்

2008 ஜூலை 23. இன்னும் இரண்டு நாளில் சோம்நாத் சட்டர்ஜிக்கு 79 வயது நிறைகிறது. அன்றைக்குத்தான் மார்க்சிஸ்ட் கட்சி அவரை நீக்கியது. நாற்பது வருஷ உறவு ஒரே நாளில் அறுந்தது. லஞ்சம் வாங்கினாரா, வேறு கட்சிக்குத் தாவினாரா? ஒன்றும் இல்லை. மக்களவைத் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றார், அவ்வளவுதான். பதவி ஆசை என்று சொன்னவர்களும் உண்டு. கோர்ட்டிலேயே காலம் கழித்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்த உறுதி வீட்டில் பார்த்து வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். அப்பா நிர்மல் சந்திர சட்டர்ஜி பெரிய வக்கீல்; இந்து மகாசபையின் தலைவராக இருந்தவர். 1948-ல் கம்யூனிஸ்டுகளைப் பிடித்துச் சிறையில் போட்டபோது, கொள்கையில் தனக்கு நேர் எதிரான அந்த மனிதர்களின் விடுதலைக்காக இயக்கம் நடத்தினார். ஆளைப் பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு, அவனுக்கு உரிய நியாயம் வேறு. இதைவிடப் பெரிய சட்டப்பாடம் எந்தக் கல்லூரியில் கிடைக்கும்?

மகன் கேம்பிரிட்ஜில் படித்து, லண்டன் மிடில் டெம்பிளில் பாரிஸ்டராகி, கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்தார். 1968-ல் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1971-ல் அப்பாவின் பர்த்வான் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனார். மொத்தம் பத்து முறை உறுப்பினர். இடையில் தோற்றது ஒரே முறை: 1984-ல் ஜாதவ்பூரில், தேர்தல் களத்துக்குப் புதியவரான மம்தா பானர்ஜியிடம். மறு வருஷமே போல்பூர் இடைத்தேர்தலில் ஜெயித்துத் திரும்பினார். 2009 வரை அந்தத் தொகுதி அவரைக் கைவிடவில்லை.

2004 ஜூனில் எல்லாக் கட்சிகளும் சேர்ந்து அவரை மக்களவைத் தலைவராக்கின. கேள்வி நேரத்துக்குப் பின் வரும் பூஜ்ய நேரத்தை (ஜீரோ ஹவர்) நேரடியாக ஒளிபரப்பச் செய்தார். தம் பிரதிநிதி அவையில் எப்படி நடந்துகொள்கிறார் என்று ஜனங்கள் பார்க்கட்டுமே! தலைவரின் இல்லத்துக்கான தேநீர், சோப்புச் செலவை அரசாங்கம் ஏற்கும் வழக்கத்தையும் நிறுத்தினார். சின்ன விஷயம்தான். ஆனால் பொதுப்பணத்தில் கணக்குப் பார்க்கிறவர் இப்படிச் சின்ன இடத்தில்தான் தெரிவார்.

கேள்வி கேட்கக் காசு வாங்கியதற்காக 2005 டிசம்பரில் மக்களவை 10 உறுப்பினர்களை வெளியேற்றியது. விவகாரம் உச்ச நீதிமன்றம் போய், மக்களவைத் தலைவருக்கும் நோட்டீஸ் வந்தது. வாழ்நாளெல்லாம் நீதிபதிகளுக்கு முன் தலைவணங்கிய வக்கீல், அந்த நோட்டீஸை ஏற்க மறுத்தார். அவையின் அதிகாரம் அவையோடுதான் என்பது அவர் வாதம். வெளியேற்றம் செல்லும் என்று 2007-ல் தீர்ப்பு வந்தது. ஆனால் அவையின் முடிவைப் பரிசீலிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்றும் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த இரண்டாவது பகுதியில் நீதிமன்றத்தின் பக்கமே நியாயம் என்பது என் கருத்து.

பிறகு வந்தது அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தம். இடதுசாரிகள் மன்மோகன் சிங் அரசுக்கு ஆதரவை விலக்கி, குடியரசுத் தலைவரிடம் தங்கள் உறுப்பினர் பட்டியல் கொடுத்தார்கள். அதில் சோம்நாத்தின் பெயரும் இருந்தது. அவையின் நடுவராக இருப்பவரை ஒரு தரப்பின் கணக்கில் சேர்த்த அந்த இடம்தான் முறிவின் தொடக்கம். ராஜினாமா செய்யச் சொன்னார்கள், மறுத்தார். ஜூலை 22 அன்று எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நோட்டுக்கட்டுகளை எடுத்து அவையில் காட்டினார்கள், கூச்சல், அமளி. அத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்து நம்பிக்கை வாக்கெடுப்பை நடத்தி முடித்தார். ஆதரவு 275, எதிர்ப்பு 256. மறுநாள் கட்சியிலிருந்து நீக்கம்.

கட்சியின் வாதத்திலும் சத்து உண்டு. அவர்கள் சின்னத்தில் ஜெயித்தவர் அவர், உறுப்பினராகவும் நீடித்தார். 1967-ல் மக்களவைத் தலைவரான சஞ்சீவ ரெட்டி காங்கிரஸிலிருந்தே விலகினார். கட்சித்தாவல் தடைச் சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது: தலைவராகத் தேர்வாகும் உறுப்பினர் கட்சியை விட்டு விலகினால் பதவி போகாது. 2004-லேயே சோம்நாத் அதைச் செய்திருக்க வேண்டும். செய்திருந்தால் 2008-ன் அவமானம் இரண்டு தரப்புக்கும் நேர்ந்திராது.

ஆனாலும் என்னிடம் தொழில் பழக வரும் பிள்ளைகளுக்கு அவர் பெயரைத்தான் சொல்கிறேன். ஜட்ஜுக்கு எதிரே நின்று வாதாடத் தெரிந்தவர்கள் ஏராளம். ஜட்ஜின் ஆசனத்தில் உட்கார்ந்த பிறகு, தன்னை வளர்த்த சீனியருக்கு எதிராகவும் தீர்ப்பு எழுதும் நெஞ்சு எத்தனை பேருக்கு உண்டு? நீக்கத்துக்குப் பிறகு அவர் வேறு எந்தக் கட்சியிலும் போய்ச் சேரவில்லை. 2018 ஆகஸ்ட் 13 அன்று காலமானார். உடலை முதலில் உயர் நீதிமன்றத்துக்கும் பிறகு சட்டமன்றத்துக்கும் கொண்டுபோனார்கள். கட்சிக் கொடி போர்த்த வேண்டாமென்று குடும்பத்தார் சொல்லிவிட்டார்கள். கண்மூடும்வரை அந்தக் காயம் ஆறவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சட்டமன்றம் போக ஆசைப்படும் இளம் வக்கீல்கள், 2008 ஜூலை 21, 22 தேதிகளின் மக்களவை நடவடிக்கைக் குறிப்பைத் தேடி எடுத்து முழுசாகப் படியுங்கள். தலைவர் குறுக்கிட்ட இடங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். யாரை எப்போது உட்காரச் சொன்னார், யாருக்குப் பேச இடம் கொடுத்தார் என்று பாருங்கள்.